மூன்று குரைப்பு, ஒரு தும்மல்

– அது போயி இன்னியோட பதினஞ்சு நாளாச்சுங்க. செத்துப்போன நாய்க்கு இன்னும் காவல் இருக்கேன்னு சொல்றீங்களே, கேக்கற எனக்கே கூசுது.

– மெதுவாப் பேசு. பெரியவரை நாய்ங்காதே.

– நல்லாயிருக்கு நியாயம்! நாயை நாய்னு சொல்லக்கூடாதா? உங்க அண்ணனைக்கூட இவ்வளவு மரியாதையா நீங்க சொல்லி நான் கேட்டதில்ல.

– வீட்டுக்காரர் வச்ச பேரு அது. புருவம் நரைச்சிருக்கு, கையைப் பின்னால கட்டிக்கிட்ட மாதிரி நடக்குதுன்னு வச்சாரு. ‘பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் தூங்கினாரா’ன்னு ஆறு மாசமா கேட்டுக் கேட்டு எனக்கும் வாயில ஒட்டிக்கிச்சு. நான் என்ன செய்ய?

– சரி, உங்க பெரியவர் தோட்டத்துல மண்ணுக்குள்ள இருக்காரு. நான் இங்க ஒரு கண்ணுல கட்டோட கிடக்கேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள தூதரகத்துல பேரைக் கொடுத்தாத்தான் நாளான்னிக்கு விமானத்துல இடம். இதை விட்டா அடுத்தது எப்பன்னு அவங்களுக்கே தெரியாதாம்.

– தெரியும். எனக்கும் தகவல் வந்துச்சு.

– முதல் விமானத்தை நாய் இருக்குன்னு விட்டீங்க. ரெண்டாவதை நாய் இல்லைன்னு விட்டீங்க. மூணாவதை விட என்ன காரணம் வச்சிருக்கீங்க? அதையும் சொல்லிடுங்க, கேட்டுக்கறேன்.

– சார்ஜ் ஒப்படைக்காம எப்படி வர்றது? எங்க அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். நான் முப்பத்தஞ்சு வருஷம். அடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போடாம ஒருநாளாவது ஸ்டேஷனை விட்டு இறங்கியிருப்போமா?

– அது ஸ்டேஷனும் இல்ல, நீங்க இப்ப மாஸ்டரும் இல்ல. மூணு வாரம் அடுத்தவங்க வீட்டையும் நாயையும் பார்த்துக்கிட்டா வாடகையில்லாம வெளிநாட்டுல தங்கி ஊர் சுத்தலாம்னு கம்ப்யூட்டர்ல தேடிப் பிடிச்சீங்க. தொற்று பரவுது, எல்லையை மூடப் போறாங்கன்னதும் நான் கிளம்பினேன் பாருங்க, அப்பவே கூட வந்திருக்கணும்.

– எப்படி வர்றது? மகனைப் பார்க்கப் போன மனுஷன் அங்கேயே மாட்டிக்கிட்டாரு. ‘என் பெரியவரை விட்டுட்டுப் போயிடாதீங்க மாஸ்டர்’னு போன்ல அழுதாரு. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இருக்கேன்னு வாக்குக் கொடுத்தேன். இப்ப அவரும் தொற்று வந்து ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. தினம் நாலு மணிக்கு இது குரைக்கறதைக் கேட்டுத்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காராம். அந்த நெஞ்சுக்கு இதைச் சொன்னா என்ன ஆகும்?

– உங்க அண்ணன் நேத்து வந்தாரு. நாய்க்குக் காவல்னு தெரிஞ்சா கௌரவக் குறைச்சல்னு, நண்பர் வீட்டுல விருந்தாளியா இருக்கறதா நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். ஆறு மாசமா அப்படி என்ன விருந்துன்னு கேட்டாரு.

– நீ என்ன சொன்னே?

– கண்ணு வலிக்குதுன்னு திரும்பிப் படுத்துட்டேன். வேற என்ன சொல்ல?

– இரு, இரு. மணி நாலு. வீட்டுக்காரர் மகன் கூப்பிடறான்.

– இன்னிக்காவது சொல்லித் தொலைங்க. பொய் உங்களுக்கு வராதுங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப, வயசுல ரெண்டைக் குறைச்சுச் சொல்லச் சொன்னாங்கன்னு எங்க அப்பாகிட்டயே போட்டு உடைச்சவரு நீங்க.

– வை, வை.

– மாஸ்டர் சார், வணக்கம்.

– வணக்கம் தம்பி.

– உங்க பெரியவர் எப்படி இருக்காரு சார்?

– அப்படியேதான் இருக்காரு. அங்க உங்க பெரியவர்?

– அவரும்... அப்படியேதான் சார்.

– நர்ஸுங்க இன்னும் அவரைப் பெரியவர்னுதான் கூப்பிடறாங்களா?

– ஆமா சார். வார்டு முழுக்க அதே பேருதான். இப்ப எங்க வீட்டுலயும் அப்பான்னு யாரும் சொல்றதில்ல. நான், தங்கச்சி, பசங்க, எல்லாருக்கும் பெரியவர்தான்.

– நல்லா அமைஞ்சுது போங்க. அங்க ஒரு பெரியவர், இங்க ஒரு பெரியவர், நடுவுல நான் ஒரு கிழவன்.

– பேச வைக்கட்டுமா சார்?

– ஒரு நிமிஷம். போனை அவர்கிட்ட கொண்டுபோறேன்... ம். பேசச் சொல்லுங்க.

– “என்னய்யா பெரியவரே! சாப்பிட்டீங்களா? க்ஹும்... க்ஹும்... நான் வந்துடுவேன்யா. வாசலையே பார்த்துக்கிட்டு உக்காராதீங்க.”

– வள்! வள்! வள்!... ப்ச்சூ!

– கேட்டாரா தம்பி?

– கேட்டாரு சார்.

– சந்தோஷம்தானே?

– சந்தோஷம் சார். மாஸ்டர் சார், ஒண்ணு கேக்கலாமா?

– கேளுங்க.

– தினம் மூணு தடவை குரைக்குது, ஒரு தடவை தும்முது. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான்.

– வயசானா பழக்கம் மாறாது தம்பி. உங்க அப்பாவும்தான் தினம் அதே நாலு வார்த்தை பேசறாரு, நடுவுல அதே ரெண்டு இருமல். நான் ஏன்னு கேட்டேனா?

– அது இருக்கட்டும் சார். இன்னிக்கு வீடியோ போடுங்க. நான் அதைப் பார்க்கணும்.

– கேமரா சரியில்லைன்னு சொன்னேனே.

– போன வாரம் தோட்டத்துக் குழாய் ஒழுகுதுன்னு படம் எடுத்து அனுப்பினீங்களே சார்.

– அது... அப்ப வேலை செஞ்சுது.

– அந்தப் படத்துல குழாய்க்குப் பக்கத்துல புதுசா மண் கொத்தியிருந்துச்சு. சுத்தி வரிசையா கல் அடுக்கியிருந்துச்சு.

– செடி வச்சேன்.

– என்ன செடி சார்?

– பூச்செடி. வேற என்ன வைப்பாங்க?

– மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல சார். நேராவே கேக்கறேன். அதை யாருக்காவது கொடுத்துட்டீங்களா? இல்ல, வெளியில விட்டுட்டீங்களா? இந்த வீட்டை நீங்க பிடிச்ச இணையதளத்துல உங்களைப் பத்தி எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறீங்க?

– நிறுத்துங்க தம்பி. கவனிக்கத் தெரியாத கிழவன்னு எழுதுங்க, வாங்கிக்கறேன். கொடுத்துட்டேன், விட்டுட்டேன்னு மட்டும் வாயில வரக்கூடாது. எங்க வம்சத்துல ரெண்டு தலைமுறையா ஒருத்தர் ஒரு மெமோ வாங்கினது கிடையாது.

– அப்ப காட்டுங்க.

– உங்க அப்பாகிட்ட போனைக் கொடுங்க. அவர்கிட்டதான் நான் சார்ஜ் எடுத்தேன். சொல்றதை அவர்கிட்டதான் சொல்லுவேன்.

– அவர் பேசற நிலைமையில இல்ல சார்.

– இப்பத்தானே பேசினாரு!

– அது... அவ்வளவுதான் சார் முடியும். மூச்சு வாங்குது.

– பேச வேண்டாம். அவர் காதுல வையுங்க, நான் பேசறேன். ஒரே நிமிஷம்.

– முடியாது சார்.

– முன்னெல்லாம் எங்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுவாரு. ‘மாஸ்டர், வண்டி சரியான நேரத்துக்கு ஓடுதா’ன்னு கிண்டல் பண்ணுவாரு. இப்ப மூணு வாரமா நான் ஹலோன்னா பதில் இல்ல. அவருக்கு என் மேல ஏதாவது வருத்தமா? ஏன் மறைக்கறீங்க?

– நான் என்ன சார் மறைக்கறேன்? மறைக்கறது நீங்க!

– ஆமா. நான்தான் மறைக்கறேன். போதும் தம்பி, இனிமே என்னால ஆகாது. எழுபத்திரண்டு வயசுல தினம் நாலு மணி ஆனா திருடன் மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு நிக்கறேன். சொல்லிடறேன். பெரியவர் போயிட்டாரு.

– உங்களுக்கு யார் சார் சொன்னா?

– யார் சொல்லணும்?

– தங்கச்சி கூப்பிட்டாளா? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேனே சார். எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?

– என்ன பேசறீங்க நீங்க? எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்? என் மடியில தலையை வச்சுத்தான் போனாரு.

– உங்க மடியிலயா?

– ஆமா, இங்கதான், மாடிப்படிக்குக் கீழே, அவர் படுக்கையில... தம்பி. இருங்க. நீங்க எந்தப் பெரியவரைச் சொல்றீங்க?

– நீங்க எந்தப் பெரியவரைச் சொல்றீங்க சார்?

– நாயைச் சொல்றேன் தம்பி. நாய். நம்ம நாய். அப்பா எங்க?

– இல்ல சார்.

– இல்லைன்னா? இப்பத்தானே, வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காராதீங்கன்னு...

– ரெக்கார்டிங் சார். வாயில குழாய் போடறதுக்கு முன்னால டாக்டர் பத்து நிமிஷம் கொடுத்தாரு. என்கிட்ட ஏதாவது சொல்லுவாருன்னு நின்னேன். போனை எடுடான்னாரு. அதைப் பேசினாரு. ‘தினம் நாலு மணிக்குப் போட்டு விடு, என் குரல் வரலைன்னா அது தட்டைத் தொடாது’ன்னாரு. அவ்வளவுதான்.

– கடவுளே.

– அப்ப நீங்க குரைக்க வச்சது?

– அதுவும் அதேதான். பேத்திக்கு அனுப்பலாம்னு எப்பவோ பழைய போன்ல பிடிச்சு வச்சிருந்தேன். அந்தப் போனைக் குளியலறையில பக்கெட்டுக்குள்ள வச்சுப் போடுவேன். உள்ளேயிருந்து குரைக்கற மாதிரி கேக்கட்டும்னு.

– பக்கெட்டுக்குள்ளயா?

– சிரிக்காதீங்க தம்பி.

– சிரிக்கல சார். எப்படிப் போச்சு அது?

– திடீர்னு சாப்பாட்டை நிறுத்திடுச்சு. நாலு நாள். சோத்தைப் பிசைஞ்சு கையால ஊட்டினேன், வாயைத் திறக்கல. கால்நடை டாக்டர் கட்டுப்பாட்டை மீறி வீட்டுக்கு வர முடியாதுன்னுட்டாரு. வீடியோவுல பார்த்துட்டு வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்லைன்னாரு. புதன்கிழமை காலையில போயிடுச்சு. நீங்க ஏன் எங்கிட்ட மறைச்சீங்க? நான் அந்நியன்தான். ஆனா தெரிஞ்சிருந்தா அவர் நாற்காலியில உக்காராமலாவது இருந்திருப்பேனே.

– தெரிஞ்சா கிளம்பிடுவீங்கன்னு பயந்தேன் சார். வாக்கு அவருக்குத்தானே கொடுத்தீங்க? விமானத்துல இடம் வந்திருக்குன்னு நீங்களே சொன்னீங்க. நீங்களும் போயிட்டா அந்த வீட்டுல அதுக்கு யார் இருக்கா?

– தம்பி, என் சம்சாரம் கண் ஆபரேஷனுக்குத் தனியாப் போனா. கையெழுத்துப் போட நான் இல்லாம பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரு. நான் இங்க, நாய் இல்லாத வீட்டுல, மனுஷன் இல்லாத வாக்குக்கு உக்காந்திருக்கேன்.

– மன்னிச்சிடுங்க சார். கால்ல விழுந்து கேக்கணும்.

– எழுந்திருங்க. நான் மட்டும் என்ன யோக்கியம்? படுக்கையில கிடக்கற மனுஷனை ஏமாத்தறோமேன்னு தினம் செத்தேன். ஏமாத்தறதுக்குக்கூட அங்க ஆள் இல்லையே. இப்ப நான் யார்கிட்ட சார்ஜ் கொடுக்கறது?

– எங்கிட்ட கொடுங்க சார். நான் எடுத்துக்கறேன்.

– நீங்களா?

– அவர் மகன்தானே சார். நான் கையெழுத்துப் போடறேன்.

– அப்ப எழுதிக்குங்க. வாசல் சாவி ரெண்டு, பின்கதவுச் சாவி ஒண்ணு, சமையலறையில மேல்தட்டுல இருக்கும். ஒழுகின குழாய்க்குப் புது வாஷர் போட்டாச்சு. அவர் நாற்காலியைத் துடைச்சு, துணி போட்டு மூடி வச்சிடறேன். தட்டு ரெண்டு, கழுவிக் கவிழ்த்திருக்கு. கழுத்துப்பட்டை ஒண்ணு, செருப்பு அலமாரிக்கு மேல ஆணியில. நாய்... நாய் ஒண்ணு. எடுத்தபோது இருந்த நிலையில ஒப்படைக்க முடியல. அதையும் அப்படியே எழுதுங்க.

– எழுதிட்டேன் சார். எடுத்துக்கிட்டேன்.

– நேரம் போடுங்க. நாலு இருபத்தஞ்சு.

– போட்டுட்டேன். அஞ்சுக்குள்ள தூதரகத்துல பேரைக் கொடுத்துடுங்க சார். உங்க வீட்டம்மாகிட்ட போய்ச் சேருங்க.

– கொடுக்கறேன். என் நோட்டுலயும் ஒரு வரி எழுதணும். அப்பா போன நாளைச் சொல்லுங்க.

– குழாய் போட்ட அன்னிக்கு ராத்திரியே, வெள்ளிக்கிழமை விடியக்காலம் சார். நாளைக்கு வந்தா மூணு வாரம். அன்னிக்கு உங்களைக் கூப்பிடவே மறந்துட்டேன். மறுநாள் சனிக்கிழமையிலேர்ந்துதான் ரெக்கார்டிங் போட்டேன்.

– சனிக்கிழமையிலேர்ந்தா?

– ஆமா சார். ஏன்?

– இல்ல... சனிக்கிழமை நாலு மணி...

– சொல்லுங்க சார்.

– அவர் குரல் வந்துச்சு தம்பி. பெரியவர் எழுந்து வந்து போனை ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தாரு. அப்படியே திரும்பிப் போயி மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்துப் படுத்தவருதான், அதுக்கப்புறம் தட்டைத் தொடவே இல்ல.