சாச்சா மலையேறிய ஞாயிறு

— முஹ்சினா, கீழ பாருடி. ஊதா சட்ட, கைல மஞ்சப் பை. உங்க ஹமீது சாச்சா மாதிரி இல்ல?

— மாதிரி என்ன ஷமீமா, அவரேதான்.

— யா அல்லா! செஞ்சிக் கோட்டையில அவருக்கு என்னா வேல?

— நம்மள புடிக்கிற வேலதான். திண்டிவனம் காலேஜ்ல ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு வந்தோம்ல.

— ஞாயித்துக்கிழம எவன்டி கிளாஸ் வைப்பான்னு அப்பவே கேட்டேன். ஓடிடலாமா?

— எங்க ஓடுறது? வழி ஒண்ணுதான். ஏறு.

— உனக்கென்ன, ஆடு மாதிரி தாவுற. எனக்கு முட்டி ரெண்டும் கழண்டுடுச்சு. ஏய், அவரு குவைத்துல இருக்கற அவங்கண்ணன், உங்க அத்தாகிட்ட சொல்லிட்டா?

— சொன்னா மணாலி கேம்ப் போச்சு. மொத்த காலேஜ்லயும் மலையேற என் ஒருத்தியதான் எடுத்திருக்காங்க. அத்தாவுக்குத் தெரிஞ்சா படிப்பும் நிக்கும். அடுத்த மாசமே நிக்காஹ்.

— முஹ்சினா! ஏய், நில்லு! ஜல்தி எறங்கு!

— அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா! நீங்க மேல வாங்க!

— வ அலைக்கும்... இரு, மூச்சு வாங்குது... ஸலாம். திமிராடி? பஸ் ஸ்டாண்டுல ரெண்டும் செஞ்சி பஸ் ஏறுனத பாத்துட்டு, அடுத்த வண்டியிலயே வர்றேன். இன்னா கோலம் இது, புர்காவ ஊக்கு போட்டுத் தூக்கிக்கினு!

— கால்ல சிக்கக்கூடாதுல்ல. உள்ள ட்ராக் பேண்ட் போட்டிருக்கேன். சாச்சா, பின்னாடி குரங்கு!

— ஏய், வுடு! பைய வுடு! சனியனே!

— பைல இன்னா சாச்சா இருந்துச்சு?

— மல்லாட்டை.

— எங்கள புடிக்க வர்றப்ப வேர்க்கடலையா?

— சிரிக்காத ஷமீமா, உங்கம்மாவுக்கும் இருக்கு கச்சேரி. கீழயே அண்ணனுக்கு மிஸ்டு கால் குடுத்துட்டேன். குவைத்துலேருந்து இப்ப கூப்பிடுவாரு. எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். எத்தினி நாளா இந்த பேஜாரு?

— ஒரு வருஷமா. மாசத்துக்கு ஒரு ஞாயிறு.

— மேல இன்னாதான் இருக்கு?

— வந்து பாருங்க. இந்தப் பாலத்த தாண்டினா உச்சி.

— பாலமா? ஏம்மா... கீழ எவ்ளோ ஆழம்?

— கீழ பாக்காதீங்க. என்னையே பாருங்க. கைய குடுங்க.

— வேணாம். நான் இங்கயே குந்திக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க.

— சாச்சா, மொத தடவ நானும் இங்க குந்தி அழுதேன். இவதான் திட்டித் திட்டி இட்டுக்கினு போனா.

— என்னான்னு திட்டினா, ஷமீமா?

— அதெல்லாம் பெரியவங்ககிட்ட சொல்லக்கூடாது.

— நீ சும்மா இருடி. சாச்சா, பிஸ்மில்லா சொல்லி வலது கால வைங்க. ம். அடுத்தது.

— வுடாத. வுடாதம்மா!

— வுடல. வந்துட்டீங்க. கண்ணத் தொறங்க.

— அந்த ரோடு... திருவண்ணாமல ரோடா அது?

— ஆமா. பஸ் போவுது பாருங்க, சோப்பு டப்பா மாதிரி.

— உங்க சாச்சிக்கு அம்மா வீடு திருவண்ணாமலதான. இருவத்திரண்டு வருஷம் அந்த ரோட்டுல போனோம். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியா இந்த மலைய காட்டுவா. எறங்கி, ஒரு தடவ ஏறிட்டுப் போலாமாங்கம்பா. பஸ் போயிடும், பேசாம வாடின்னுவேன்.

— குல்சும் சாச்சியா? உசுரோட இருந்தப்ப எங்ககிட்ட சொன்னதே இல்லியே.

— என்கிட்ட சொல்லியே ஒண்ணும் ஆவல. மவுத்தாவறதுக்கு முந்தி கடைசியா போனப்பவும் திரும்பித் திரும்பி பாத்துக்கினே வந்தா. அப்ப மட்டும் ஏறலாமான்னு கேக்கல.

— சாச்சா...

— காத்து நல்லா இருக்கும்மா இங்க.

— சாச்சா, உங்க போன் அடிக்குது. குவைத் நம்பர்.

— குடு. இந்தக் கைய வுட்டுடாத... ஹலோ, அண்ணே, ஸலாம். ஆமா, மிஸ்டு கால் நான்தான். சத்தமா? காத்துண்ணே. செஞ்சி மல உச்சியில இருக்கேன். முஹ்சினாவும் இருக்கா. கிளாஸெல்லாம் இல்லண்ணே, நான்தான் இட்டாந்தேன்.