தன் முடியைப் பிடுங்கிய முயல்

"எங்க வீட்டு முயலு தன் முடியத் தானே பிடுங்குது மதினி. சொறியா இருக்குமோ?"

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் கேட்டாள்.

"தோலு பொருக்குத் தட்டியிருக்கா?"

"இல்ல, சுத்தமாத்தான் இருக்கு. நெஞ்சும் வயிறும் மட்டும் மொட்டை. பிடுங்குன முடிய மூலையில மெத்த மாதிரி சேத்து வச்சிருக்கு."

"அப்பக் குட்டி போடப் போகுது."

"இருக்கது ரெண்டுமே பொட்டை மதினி."

மூத்தவள் சிரித்தாள். "அப்பிடியும் நடக்கும். சினையின்னு அதுவா நெனச்சுக்கிடும். கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும், முடியும் முளச்சிரும்."

இளையவள் சிரிக்கவில்லை. மூத்தவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கலியாணமாகி இம்புட்டு வருசம் கழிச்சு, இப்பத்தான் எனக்குத் தள்ளிப்போயிருக்கு. வீட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்காக. எனக்கும் அது மாதிரி வெறும் நெனப்பா இருந்துட்டா?"



சிவகாசி ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. மூத்தவள் இறங்கிவிட்டாள். இளையவள் படிக்கட்டிலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"இறங்குங்கம்மா" என்றார் கண்டக்டர்.

மூத்தவள் கீழிருந்து கையை நீட்டினாள். "டாக்டரம்மா என்ன சொன்னாலும் நான் கூட இருக்கேன். வா தாயி."

அவள் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினாள்.