அழுத்தாத பொத்தான்

அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்த ஊரில் யாருக்குத்தான் இறங்கும், சொல்லுங்க ஐயா. நீங்கள் இன்று கருவாட்டுக் குழம்பு; சட்டையே சொல்கிறது.

பீங்கான் ஆலைக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில் எனக்கு வேலை. மெட்ராஸ் கம்பெனி வெறும் சர்க்யூட் பலகையும் சில்லறைச் சாமான்களும் அனுப்பும். நாங்கள் ஈயம் உருக்கிப் பொருத்தித் திருப்பி அனுப்புவோம். எல்லாம் பேசும் பெட்டிக்கு, இன்டர்காம் என்பார்கள். முதலாளி அறையில் ஒன்று, குமாஸ்தா மேசையில் ஒன்று. பொத்தானை அழுத்தினால்தான் குரல் போகும்.

கழித்துப்போட்ட இரண்டை மடியில் கட்டி வந்து சரிசெய்தேன். ஒன்று எனக்கு, ஒன்று எதிர்வீட்டு நீலாவதிக்கு; நடுவே தெருவுக்கு மேலே ஒயர் இழுத்தேன். புருஷன் சாமிக்கண்ணு சூளை வேலைக்குப் போய்விட்டால், பிள்ளைத்தாய்ச்சி தனியாகப் பயந்தாள். "ஆபத்துன்னா அழுத்துடி, ஓடி வரேன்" என்றேன். அவள் பெட்டிக்குள் மட்டும் ஒரு துண்டுக் கம்பியைக் கூடுதலாகப் பற்றவைத்திருந்தேன். அழுத்தாவிட்டாலும் எனக்குக் கேட்கும். பாதுகாப்புக்குத்தான்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "பேட்டரி கட்டை தாங்கவே மாட்டேங்குது கனகாக்கா. நான் தொடக்கூட இல்ல."

"மட்டமான கட்டைடி."

"நான் அவருகிட்ட சொன்னதெல்லாம் உங்களுக்கும் தெரியுது. சுவத்துல காது வெச்சிருக்கீங்களா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். விஷயம் தெரிந்தால் தெருவே காறித் துப்பும். பட்டறையில் திருட்டுப் பட்டம் வேறு.

அந்த வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு; மத்தியானம் என் பெட்டியில் தொப்பென்று சத்தம். பிறகு அவள் குரல்: "அக்கா, வழுக்கிட்டேன். ரத்தமா போவுது."

அவள் பெட்டி அலமாரிமேல், கைக்கு எட்டாமல் இருந்தது. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டேதான் கூப்பிட்டாள்.

எழுந்தேன் ஐயா. செருப்பைக்கூட மாட்டினேன். போனால், அழுத்தவே இல்லையே, எப்படித் தெரிந்தது என்பாள். சர்க்கரை கேட்கிற சாக்கில் போயிருக்கலாம்தான். வாழ்நாளெல்லாம் சாக்கிலேயே வாழ்ந்தவளுக்கு அன்று ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் அழுத்தட்டும், ஓடலாம் என்று உட்கார்ந்தேன். தரையில் நகர்ந்து வருவது கேட்டது. நகம் அலமாரி மரத்தைப் பிறாண்டியது. பயத்தில் பெட்டிமேல் தலையணையை வைத்தேன். எடுத்தபோது சத்தமே இல்லை.

சாமிக்கண்ணு வந்து அலறியபோது முதல் ஆளாக ஓடினேன். எல்லோரும் அவளைத் தூக்கினார்கள். நான் பெட்டியைத் திறந்து கம்பியைப் பிடுங்கினேன். ஈயப் பொட்டு மட்டும் நின்றுவிட்டது. அதைப் பார்த்துத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே அவளைச் சாகவிட்டேன், வயிற்றுப் பிள்ளையோடு. ஆனால் என்னை ஊர்வாய் என்று மட்டும் எழுதிடாதீங்க. அன்று கேட்டதில் ஒரு வார்த்தை நான் வெளியே விடவில்லை.