நான்காவது திரை

இந்த விசாரணை அறையில் கேமராவை மாட்டிய ஆளுக்குத் தொழில் தெரியாது. ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்திருக்கிறான்; என் முகம் கரிக்கட்டையாகத்தான் விழும். பரவாயில்லை, குரல் பதிவானால் போதும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

ஆமாம், அந்தப் படத்தின் இயக்குநர் நான்தான். ஒளிப்பதிவும் நானே. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளரும் நானே. படம், வரப்போகிற ஒரு காலத்தைப் பற்றியது. ஊர் முழுவதையும் ஓர் இயந்திரம் கண்காணிக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு காவலாளிக்கு மனசாட்சி மரத்துப்போகிறது. செட் போட வக்கில்லை. எங்கள் கீழ்த்தளத்து அறையிலோ படிக்கட்டுக் கேமராக்களின் எட்டுத் திரைகள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. பிறகென்ன?

ஒரே குறை, திரையில் மனிதர்களே இல்லை. எல்லோரும் லிஃப்டில் ஏறிக் காணாமல் போய்விடுகிறார்கள். ஒரு மாடி ஏறச் சோம்பல்படுகிற ஜனங்களை வைத்து எந்த எதிர்காலத்தைக் காட்டுவது? லிஃப்டை அணைத்து, 'பழுது' என்று அட்டை எழுதி மாட்டினேன். உடனே எட்டுத் திரையிலும் ஆள் நடமாட்டம். முனகிக்கொண்டே ஏறினார்கள். அருமையாக இருந்தது.

அக்காவின் கணவர், என் அத்தான், நான்காம் மாடியில் குடியிருந்தார். ஆறு மாதம் முன்புதான் இதயத்தில் அறுவை சிகிச்சை. படியே ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். அட்டை மாட்டிய இரண்டாம் நாள், மாத்திரை வாங்கக் கீழே இறங்கியவர், திரும்பும்போது, படப்பிடிப்பு நடந்த அந்தக் கீழ்த்தளத்து அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, லிஃப்ட் எப்ப சரியாகும்?"

"சாயங்காலம் ஆயிடும் அத்தான். மெதுவா ஏறுங்க. முடியலேன்னா கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குங்க, ஓடி வந்துடறேன்."

"நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தம் வராமலிருக்கக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். காவலாளியாக நடித்தவனின் செல்போனையும் வழக்கம்போல வாங்கி வைத்தேன். அவன் ஒரு மரமண்டை. பதினெட்டு நாளாக அந்த முகத்தில் ஈ உட்கார்ந்த அசைவுகூட வரவில்லை. நான்காவது திரையில் அத்தான் மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்தார். கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அப்போதுதான் மரமண்டையின் முகம் முதல்முறையாக மாறியது.

"சார், அவரு நிஜமாவே கூப்பிடறாரு சார்."

"உன் வேலையைப் பாரு. திரும்பாதே."

ஒரு நிமிடம் தாங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவை உதைத்தான், அழுதான், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இவர்களெல்லாம் எதற்கு நடிக்க வருகிறார்களோ. நான் கேமராவை அவனிடமிருந்து திருப்பித் திரையிலேயே வைத்தேன். அத்தான் நான்கு நிமிடம் கையை இறக்கவில்லை. காசு வாங்குகிற எந்த நடிகனும் அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்கமாட்டான். கை விழுந்த பிறகு 'கட்' சொன்னேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அக்கா இன்னும் லிஃப்ட் பழுதுபார்க்கிறவனைச் சபித்துக்கொண்டிருக்கிறாளாம். அவளிடம் சொல்லிவிடுங்கள், லிஃப்ட் பழுதாகவே இல்லை. இன்னொன்றும் சொல்லுங்கள். படத்தில் அத்தானின் முகத்தை மங்கலாக்கித்தான் போட்டிருக்கிறேன். அடுத்தவர் அந்தரங்கத்தில் கைவைக்கிற ஆள் நான் இல்லை.