சந்தனம் வைத்த ரேம்

சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தால் பொட்டு மாதக்கணக்கில் உதிராது. எனக்குத் தெரிந்த நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று. என்னைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

என் கணவர் வீராசாமி, மலாக்காவில் செலண்டார் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர் ஓய்வு பெற்றதும் மகன் தேவன் ஒரு கம்ப்யூட்டரும், அதில் மாட்டும் ஸ்டேரிங்கும் பெடல்களும் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். திரையில் லோரி ஓட்டும் விளையாட்டு. கிள்ளானிலும் ஈப்போவிலும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு கூட்டமே கூட ஓட்டும். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே வரிசையாகப் போவார்கள்.

என்னோடு "சோறு", "தண்ணி", "ம்" என்ற மூன்று சொற்களில் குடும்பம் நடத்திய மனிதர் அவர். காதில் அதை மாட்டியதும் ஆளே வேறு.

"பவானி, முன்னால வளைவு வருது. கியர இறக்கு தாயி. ஆமா... அப்படித்தான். அட, நீ என்னை முந்திருவியா? முந்துலா, பார்ப்போம்."

அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்காது. அடுப்படியில் நின்று நானே அதைப் பேசி நிரப்பிக்கொள்வேன். நான் பேசியதில் பவானேஸ்வரி மிகவும் குழைந்தாள். அவள் முட்டிவலிக்காரி, எனக்கு மூத்தவள், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவளுக்கு நான் எத்தனை புடவை கட்டிவிட்டிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

கம்ப்யூட்டரைப் பொருத்தியவன் ரெம்பியாவில் கடை வைத்திருக்கும் அஃப்னான். உஸ்மான் பாயின் மகன். பெட்டியைத் திறந்து அவருக்கு விளக்கியபோது நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"இது ரேம், அங்கிள், மெஷினோட மெமரி. ரெண்டு தகடு. இந்த ஜோடிப் பள்ளத்துல ஒண்ணு, அந்த ஜோடிப் பள்ளத்துல ஒண்ணு இருக்கணும். ரெண்டையும் ஒரே ஜோடியில பக்கத்துல பக்கத்துல போட்டா ஓடும், ஆனா டோல்ல ஒரு லேனை மூடின மாதிரி. உங்க மெஷின்ல படத்துக்குத் தனி கார்டு இல்ல. கேம் விட்டு விட்டு வரும்."

ஒரு புரோகிராமைத் திறந்து காட்டினான். 'டூயல்' என்று இருந்தது, இரண்டு லேனும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் தலையாட்டினார். புரிந்துகொண்டவள் நான்.

ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டியை நான்தான் தூசு தட்டினேன். தட்டும்போது ஒரு தகட்டைப் பிடுங்கி மற்றதன் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். எதையும் உடைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. பூஜை நாளில் தொழில் சாமானுக்குப் பொட்டில்லாமல் மூடக்கூடாது என்று, மாற்றி வைத்த தகட்டின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தன் கைரேகைக்குத் தானே குங்குமம் வைத்தவள் இந்த மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவரும் வந்து பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து மிதித்தார். தரையைத் துடைத்ததும் நான்தான்.

அன்று முதல் படம் திக்கியது. அவர் லோரி பாலத்தில் முட்டியது, பவானேஸ்வரி மேலேயே ஏறியது. காதுக்கருவியில் சிரிப்பு எனக்கே கேட்டது. அஃப்னானைப் போனில் கூப்பிட்டார்.

"மெமரி எவ்வளவு காட்டுது அங்கிள்?"

"பதினாறு."

"அப்ப ஃபுல்லா இருக்கு. மெஷின் ஓகேலா."

எந்தப் பள்ளத்தில் இருந்தாலும் பதினாறு பதினாறுதான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, "குஞ்சம்மா, வளைவு தாண்டினப்புறந்தான் எனக்கு வளைவு தெரியுது" என்றார். என் பெயர் சொல்லிப் பேசினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்றார். அதில்தான் அவர் பயந்துபோனார். "அப்ப கை லேட்டா போகுது. மூளையிலதான் ஏதோ." மோட்டார்சைக்கிள் சாவியை அண்ணன் மகன் தர்ஷனிடம் கொடுத்தார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. தகட்டைத் திருப்பி வைத்துவிடலாம் என்று ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அன்றுதான் பாசாருக்குக் காய்கறி வாங்க என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து ஸ்குரூடிரைவரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

போன வாரம், பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அஃப்னானை வரவழைத்தார். "எனக்கு எதுக்கு இனி? ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கொடு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எடுத்துப்போகும் முன் அஃப்னான் அந்தப் புரோகிராமைத் திறந்தான். 'சிங்கிள்' என்றது. பெட்டியைத் திறந்தான். பொட்டு அப்படியே இருந்தது, ஒரு விரிசல்கூட இல்லாமல்.

"ஆன்ட்டி, இது யார் வச்சது?"

"நீ வச்சிருக்க மாட்டே, தம்பி."

அவன் சிரிக்கவில்லை. "அங்கிள் லைசென்ஸையே விட்டுட்டாரு ஆன்ட்டி. அவர் கை நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்."

தகட்டை அதன் பள்ளத்தில் மாற்றி வைத்தான். மறுபடி 'டூயல்' வந்தது. "பெட்டியை நான் எடுத்துட்டுப் போகல. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது" என்று பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

வாசலுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். என் காலடி கேட்டதும் அவர் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"என்னவாம்? மெஷின்ல எதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். அப்படி ஆசையாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லங்க" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அந்த மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. என் புருஷனிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.