சுறா வறையும் வெள்ளைக்கார மருமகனும்

ஒனிஹங்கா ஊருக்குப் போற ரெயின்ல ஏறி இருந்தா, சுறாவை அவிச்சு உதிர்த்துத் தேங்காய்ப்பூவோட வறுக்கிற சுறா வறை மணக்குது. என்ர மனுசி மூத்தவனைப் பெத்த நேரம், பால் சுரக்கவெண்டு அவவின்ர தாய் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்து குடுத்தவ. நானும் கள்ளமா அள்ளித் திண்டனான். அதை விடுவம். முன் சீற்றில ஒரு மனுசியும் புருசனும். மனுசியின்ர மடியில சாப்பாட்டுப் பெட்டி.

"திமிங்கிலம் எண்டாத்தானே மருமகன் கோவிப்பான்? இது சுறாதானே," எண்டா மனுசி.

"ஜப்பான்காரன் திமிங்கிலம் பிடிக்கிறானெண்டு ரோட்டில மட்டை எழுதிப் பிடிச்சுக்கொண்டு நிண்ட வெள்ளைக்காரப் பொடியன். சுறாவுக்கும் நிப்பான். பெட்டியைக் கண்டா உள்ள விடமாட்டான்."

"மகளுக்குப் பால் காணாதாம். பேரன் கத்துறான். நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"அவன் என்ன மீனெண்டு கேட்டா?"

"அவன் வெள்ளிக்கிழமையில ஆசையாத் தின்னுற ஃபிஷ் அண்ட் சிப்ஸ் என்ன மீனாம்? கடைக்காரனைக் கேட்டனான். லெமன் ஃபிஷ் எண்டுறது சுறாதானாம்."

மனுசன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சிரிச்சார். "அதை அவனுக்குச் சொன்னனீரோ?"

"விசரே உங்களுக்கு? சொன்னா ரெண்டு சுறாவையும் நிப்பாட்டிப்போடுவான். பேரன் பால் மறக்கட்டும், பிறகு சொல்லுவம்."