ஒரு நிமிடம் நாற்பது வினாடி

என் பெயரை இந்த வாக்குமூலத்தின் தலைப்பில் காவல் நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டார். மேடையில் எனக்கு இருந்த பெயர் துரு. வயது ஐம்பத்தொன்று. சாவி வெட்டும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியின் பின்பக்க அறையில் தனியாக வசிக்கிறேன். வீடுகளுக்குச் சென்று சலவை இயந்திரம் பழுதுபார்ப்பது என் தொழில். அதற்கு முன்பு பங்க் இசைக்குழு ஒன்றில் பாடகன். அது எப்படிப்பட்ட பாட்டு, பக்திப் பாட்டா சினிமாப் பாட்டா என்று எழுத்தர் கேட்டார். இரண்டும் இல்லை, கத்துவது என்றேன். "அப்ப இதரன்னு போட்டுக்கறேன்" என்றார். நான் ஆட்சேபிக்கவில்லை.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஒன்பது பெரிய இயந்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் குனிந்து நுழையலாம், நிமிர முடியாது. நானும், ஆணி என்று எல்லோரும் அழைத்த என் நண்பனும், துணி உலர்த்தும் பிரிவில் இருந்த ஒருவரும் சேர்ந்து 'பொதுத்தொல்லை' என்ற குழுவை நடத்தினோம். ஆணி கிட்டார் வாசித்தான். உலர்த்தும் பிரிவுக்காரர் டிரம்ஸ். நான் பாடினேன். அதைப் பாட்டு என்று அன்றே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையின் விரிப்புக் கிடங்கில்தான் பயிற்சி செய்தோம். கூரை வரை அடுக்கிய துணி எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும், வெளியே ஒரு முணுமுணுப்புகூடக் கேட்காது. பிறகு அந்த விரிப்புகளில் படுத்த நோயாளிகளுக்கு ஏதேனும் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

ஆணிக்கு இருந்த ஒரே உறவு அவன் அக்கா. தையல் வேலை செய்தார். எங்கள் நிகழ்ச்சிகளில் வாசலில் நின்று ஒலிநாடாக்களைக் கொடுத்துவிட்டு, பாட்டு தொடங்கியதும் முன்வரிசைக்கு வந்துவிடுவார். "அடுப்புல பால் பொங்குற மாதிரியே பாடுறடா துரு, இறக்கி வைக்கத்தான் ஆளில்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பாட்டின் சொற்களை ஒலிநாடாவின் அட்டையில் அச்சிட வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டார். ஆணி சம்மதிக்கவில்லை. "புரியணும்னு பாடுறது விளம்பரக்காரன் வேலை, அக்கா. நம்ம வேலை தூக்கத்தக் கெடுக்கிறது" என்பான். நாங்கள் கடைசிவரை கடைப்பிடித்த ஒரே ஒழுங்கு அது.

ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் கதவிலும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருந்தது. கதவு மூடித் தாழ் விழுந்தால்தான் அது அழுந்தும். அது அழுந்தாதவரை இயந்திரம் ஓடாது. ஏழாம் எண் இயந்திரத்தில் தாழ் சரியாக விழாமல் வேலை அடிக்கடி நின்றது. அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் தாமே வந்து, அந்தச் சுவிட்சை அழுத்தியபடி கம்பியால் இறுக்கிக் கட்டினார். கம்பி பச்சை உறை போட்டது, செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவார்களே, அந்த வகை. இடுக்கியை எடுத்துக் கொடுத்தது நான். "பழுதுபாக்க ஆள் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும்தான். ஊரெல்லாம் தமுக்கடிக்காத" என்றார். ஆறு வாரம் கழித்தும் அது கட்டியபடியே இருந்தது.

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, உள்ளே சிக்கியிருந்த விரிப்பு ஒன்றை எடுப்பதற்காக ஆணி ஏழாம் எண்ணுக்குள் நுழைந்தான். கதவு திறந்திருந்தும் இயந்திரம் ஓடியது. ஆணி இறந்தான்.

அன்று மாலை எழுதப்பட்ட என் முதல் வாக்குமூலத்தில், சம்பவ நேரத்தில் நான் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்ததாகவும், கம்பியைப் பற்றி எதுவும் அறியேன் என்றும் உள்ளது. அது பொய். மேலாளரின் அறையில், அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. "உள்ள இருந்தேன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு உனக்கே தெரியும். தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தேன்னு சொல்லு. குடிக்காதவன் யாரு?" என்றார். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். கையொப்பமிட்டேன்.

அதன் பிறகு விசாரணை நடந்து, கம்பியைக் கட்டியது ஆணியே என்றும், மரணத்துக்கு அவனுடைய சொந்த அஜாக்கிரதையே காரணம் என்றும் முடிவு செய்யப்பட்டது. விதிகளை மீறும் சுபாவம் கொண்டவன் என்பதற்குச் சான்றாக எங்கள் குழுவின் சுவரொட்டி அறிக்கையோடு இணைக்கப்பட்டது. அவன் சட்டையில் குத்தியிருந்த ஊக்குகள் இருபத்திரண்டு என்று எண்ணி எழுதியிருந்தார்கள். கம்பியைப் பற்றி "ஒரு துண்டு" என்று மட்டும் இருந்தது. அந்த அறிக்கையை அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். "இருபத்திரண்டு இல்லடா, இருபத்திமூணு. ஒண்ணு நான் குத்திவிட்டது, காலருக்கு உள்பக்கம்" என்றார்.

ஆணி இறந்த பதினோராம் நாள், 'ஏழு' என்ற பாட்டை நான் எழுதி, அதே கிடங்கில், உலர்த்தும் பிரிவுக்காரரின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தோம். ஆணியின் கிட்டாரை நானே வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது இந்த வகை இசைக்குத் தடையில்லை. ஒலிநாடாவின் முதுகில் தேதியை எழுதியது அக்கா. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் நாற்பத்தொரு மேடைகளில் அதைப் பாடினேன். நாற்பத்தொரு முறையும் அக்கா முன்வரிசையில் நின்று கைதட்டினார். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து கம்பிவடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "இது தம்பியப் பத்தினதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கு. ஆனா ஏன்டா பாதியில வெட்டின மாதிரி முடியுது?" என்றார். "முடிக்கத் தெரியலக்கா" என்றேன்.

அதன் பிறகு தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பாட முடியவில்லை. குழு கலைந்தது. அறுத்ததைப் பொதுச்சேவை என்று ஒரு பத்திரிகை எழுதியது. பிறகு நான் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தேன். யார் வீட்டில் என்ன புகார் சொன்னாலும் முதலில் கதவு சுவிட்சைத்தான் சோதிக்கிறேன். பொத்தானை அழுத்தும் முன்பு குனிந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறேன். கேட்காமல் என்னால் அழுத்த முடியவில்லை. வீட்டு இயந்திரத்தில் ஒரு தலையணைக்கு மேல் நுழையாது. ஒரு வீட்டில் அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து, "யாருமில்லண்ணே, என் வீட்டுக்காரர் சட்டைதான் இருக்கு, அதுவும் பதில் பேசாது" என்றார். நான் சிரித்தேன். ஆனாலும் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் அழுத்தினேன்.

அக்கா இந்த இருபத்துநான்கு ஆண்டுகளும், தம்பி தானே கட்டிய கம்பியால் சாகவில்லை என்று மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். மனு எழுதி எழுதி அவர் பேச்சே மனுவைப் போல ஆகிவிட்டது. காய்கறிக்காரரிடம்கூட 'மேற்படி தக்காளி' என்கிறார். மூன்று மாதத்துக்கு முன்பு வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவானது. மேலாளர் கம்பி கட்டியதை நேரில் பார்த்தவர் ஒருவராவது வேண்டும், இல்லையென்றால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும் என்று அக்காவின் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். உலர்த்தும் பிரிவுக்காரர் இப்போது உயிரோடு இல்லை.

சென்ற திங்கட்கிழமை அக்கா அந்த ஒலிநாடாவோடு என் அறைக்கு வந்தார். மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை என் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். "அந்த நேரத்துல யாராவது ஏதாவது எழுதி வச்சிருக்காங்களான்னு வக்கீல் கேக்கறார். எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். இத்தனை வருஷமாக் கேக்கறேன், ஒரு வார்த்தை புரியல. என்னதான்டா சொல்ற இதுல?" என்றார். அதை நான் விசாரணை அதிகாரியிடம் சொல்கிறேன் என்றேன். "எங்கிட்ட சொன்னா வாய் வெந்துடுமா?" என்று கேட்டார். இன்று காலை அவரே என்னை இங்கே அழைத்து வந்தார். ஒலிநாடாவை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

விசாரணை அதிகாரியான அம்மையார், "இருபத்துநாலு வருஷமா ஏன் வாயத் திறக்கல?" என்று என்னைக் கேட்டார்.

"திறந்தேன் மேடம். நாப்பத்தோரு தடவ."

"யார்கிட்ட?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு முந்நூறு பேர் இருப்பாங்க."

"ஒருத்தருக்குக்கூடப் புரியலையா?"

"புரியாத மாதிரி பாடறதுலதான் எங்களுக்குப் பேர்."

அதன் பிறகு பாட்டின் சொற்களை வரிவரியாகச் சொல்லச் சொன்னார். எனக்கு இரண்டு வரிக்கு மேல் நினைவு வரவில்லை. அந்தச் சொற்களை நான் ஒருபோதும் பேசியதில்லை, கத்தியது மட்டுமே உண்டு. பாட்டாகத்தான் வரும் என்றேன். "சரி, பாடித் தொலைங்க" என்றார். நான் மேசையில் தாளம் தட்டி, இருக்கும் தொண்டையை வைத்துக்கொண்டு பாடினேன். யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து அறைக் காவலர்கள் இருவர் ஓடி வந்தார்கள். வெளியே காத்திருந்த ஒருவர் தம்முடைய புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் பிறகு அறிந்தேன். எழுத்தருக்காக நான்கு முறை பாடினேன். அவர் எழுதிக்கொண்டது வருமாறு:

ஏழாம் கதவின் காவலன் வாயைக்
கம்பியால் கட்டினார் மேலாளர்
பச்சைக் கம்பி, செடிக்குக் கட்டும் கம்பி
இடுக்கியைக் கொடுத்தவன் நான்
ஏழு ஏன் நிற்கிறது என்று மேலே இருந்து கேட்டார்
நான் உள்ளே பார்க்கவில்லை
நான் உள்ளே பார்க்கவில்லை
பொத்தானை அழுத்தியது என் கை

அதிகாரி எழுந்து போய், பழைய வழக்கின் சான்றுப் பொருள்களில் இருந்த ஒட்டிய உறை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன்னிலையில் பிரித்தார். உள்ளே இருந்த கம்பி பச்சை. கம்பியின் நிறம் எந்த அறிக்கையிலும் எழுதப்படவில்லை, பதினோராம் நாள் பதிவான ஒலிநாடாவில் இருக்கிறது என்று அவர் எழுத்தரிடம் சொன்னார். அதன் பிறகு என்னிடம், "இது மேலாளரை மாட்டிவிடும். கடைசி வரி உங்களையும் மாட்டிவிடும். அத விட்டுட்டு எழுதலாம், கம்பிக்கு மத்த வரியே போதும்" என்றார். விடவேண்டாம் என்றேன்.

பாட்டில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பொத்தான் பெட்டி கதவுக்கு மறுபக்கம், தூணுக்குப் பின்னால் இருந்தது. நான் அழுத்தியதும் இயந்திரம் ஒரு பக்கமாக மோதி மோதி ஓடியது. துணி ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் அப்படித்தான் மோதும், அது அடிக்கடி நடப்பது. அந்த மோதலில் ஒரு தாளம் இருந்தது. நன்றாக இருக்கிறதே, ஆணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, அதற்கு ஏற்பக் காலைத் தட்டிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு கதவின் பக்கம் வந்து பார்த்து நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஆகியிருந்தது. பாட்டின் தாளம் அதுதான். நீளமும் அதுதான். அதனால்தான் வெட்டினாற்போல முடிகிறது.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டும்போது அறைக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதிகாரி அனுமதித்தார். எழுத்தர் முதலிலிருந்து படித்தார். பாட்டையும், ரேஷன் அட்டைப் பட்டியல் படிப்பதுபோல, ராகம் தாளம் இல்லாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பெஞ்சில் இருந்தவர் எழுந்து வாசல்வரை வந்து நின்றார். அதன் பிறகு எழுத்தரைப் பார்த்து, "மேற்படி கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க" என்றார். எழுத்தர் படித்தார். அக்கா கைதட்டவில்லை. என்னைப் பார்த்தாரா என்று நான் பார்க்கவில்லை. படித்துக் காட்டியதற்குச் சாட்சி ஒருவர் வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அக்காவே வந்து பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டு, தேதியும் போட்டார். ஒலிநாடாவின் முதுகில் இருக்கும் அதே கையெழுத்து.

இதிலுள்ளவை அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டு, சத்தமில்லாத ஓர் அறையில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. சம்பவ நேரத்தில் நான் தேநீர் குடிக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
துரு எனப்பட்டவர்

சாட்சி: (ஒப்பம்)
இறந்தவரின் அக்கா